பூட்டிய வீட்டில் செவ்வாய்க்கிழமைகள்

போன மாதம் பாபு வீட்டுக்கு வந்திருந்தான். நான் ஓய்வு பெற்ற பிறகு என் வேலையை இப்போது அவன்தான் பார்க்கிறான். நிறுவனம் புதிதாகக் கொடுத்திருக்கும் ஆப்பைக் கைபேசியில் காட்டினான். ஒரு வீட்டுக்குள் போனால் அறைக்கு அறை ஒரு நிறத்தைத் தொட்டால் போதுமாம். பச்சை என்றால் சரி, மஞ்சள் என்றால் கவனிக்க வேண்டும், சிவப்பு என்றால் உடனே ஆள் அனுப்ப வேண்டும். எழுதுவதற்கு எங்கே இடம் என்று கேட்டேன். எழுத என்னண்ணே இருக்கு என்றான். எனக்குச் சுருக்கென்றது. பதினோரு வருடம் நான் எழுதியதெல்லாம் என்ன, பொழுதுபோகாமல் கிறுக்கியதா?

அவனே சமாளித்துக்கொண்டு, திருக்காட்டுப்பள்ளி வீட்டைப் பற்றி நான் எழுதிய அறிக்கையை ஆபீசில் இன்னும் பேசுகிறார்கள், அப்படி என்னதான் எழுதினீர்கள் என்று கேட்டான். அவனுக்கு வாயால் சொன்னேன். சொன்ன பிறகு பாதியை விட்டுவிட்டது போலிருந்தது. முழங்கால் வலியில் வேறு எங்கேயும் போக முடியாது. உட்கார்ந்து எழுதுகிறேன்.

எங்கள் வேலை இதுதான். வீடு இருக்கும், அதைப் பார்த்துக்கொள்ள வீட்டுக்காரருக்கு நேரம் இருக்காது. சிங்கப்பூரில் இருப்பார், மஸ்கட்டில் இருப்பார், சென்னையில் இருப்பார். தஞ்சாவூரிலேயே ஒரு டாக்டர் தம்பதி இருந்தார்கள். கிளினிக்குக்கு எதிரில்தான் வீடு, ஆனால் தண்ணீர் மோட்டார் சுவிட்சு எங்கே இருக்கிறது என்பது இருவருக்குமே தெரியாது. இப்படிப்பட்டவர்கள் மாதச் சந்தா கட்டினால் நாங்கள் போய் வீட்டைத் திறந்து, பார்த்து, சரி செய்து, பூட்டிவிட்டு வருவோம். ஊரில் எங்களைச் சந்தாக்காரர்கள் என்பார்கள். இந்த வேலைக்கு வருமுன் நான் இருபத்தைந்து வருடம் மோட்டார் காயில் கட்டும் கடையில் இருந்தேன். மின்சாரமும் குழாயும் கை வந்த வேலை. மற்றதைப் பத்து நாளில் சொல்லிக் கொடுத்தார்கள்.

சொல்லிக் கொடுத்தவர் விமலா மேடம். எங்கள் மேற்பார்வையாளர். அதற்கு முன் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் வார்டுகளின் சுத்தத்தைக் கவனித்தவர். என்னைவிட வயதில் சிறியவர். குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. ஏதாவது முக்கியமாகச் சொல்லப் போகிறார் என்றால் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் மடக்கி வைப்பார். அது மடங்கும் சத்தத்துக்கு நாங்கள் எழுந்து நின்றுவிடுவோம்.

அவர் வைத்த முறைகளில் முதலாவது, பூட்டிய வீடானாலும் கதவைத் தட்ட வேண்டும். மூன்று தட்டு. பிறகு, "சந்தாக்காரங்க வந்திருக்கோம்ங்க" என்று குரல் கொடுத்துவிட்டு, பத்து எண்ணும் வரை நின்று, அப்புறம்தான் சாவியைப் போட வேண்டும். வயல் ஓரத்து வீடுகளில் பாம்பு ஏதாவது சுருண்டு கிடந்தால் அதிர்வில் நகர்ந்துவிடும் என்பது காரணம். ஆனால் டவுனுக்கு நடுவில், மூன்றாவது மாடியிலும் தட்டச் சொன்னார். அங்கே என்ன பாம்பா வரும் என்று கேட்டேன். "அடுத்தவங்க வீடுங்க சேகர்" என்றார். அதோடு சரி.

உள்ளே போனதும் பின்பக்க ஜன்னல்களைத் திறக்க வேண்டும், அதன் பிறகே முன்பக்கம். அப்போதுதான் அடைந்த காற்று வெளியேறும். குழாய்களைத் திறந்து செம்பழுப்புத் தண்ணீர் தெளியும்வரை விட வேண்டும். கடைசியாகக் குளியலறை. தரையில் தண்ணீர் போகும் ஓட்டைக்குக் கீழே குழாய் வளைந்திருக்கும். அந்த வளைவில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் தேங்கி நிற்கும். அதுதான் சாக்கடை நாற்றத்தை மேலே விடாமல் அடைத்து வைத்திருக்கிறது. ஆள் இல்லாத வீட்டில் ஒரு மாதத்துக்குள் அது வற்றிவிடும், நாற்றமும் கரப்பான்பூச்சியும் ஏறி வந்துவிடும். ஒரு குவளை தண்ணீர் ஊற்றி, அதன்மேல் ஒரு கரண்டி எண்ணெய் விட வேண்டும். எண்ணெய் மேலே படர்ந்து நின்றால் தண்ணீர் சீக்கிரம் வற்றாது. என் பையில் எப்போதும் ஒரு பாட்டில் எண்ணெயும் கரண்டியும் இருக்கும். ஏதோ சமையல்காரன் என்றுதான் பஸ்ஸில் பக்கத்தில் உட்காருபவர்கள் நினைப்பார்கள்.

உண்மையைச் சொன்னால் எனக்கு அந்த வேலை வேலையாகவே தெரியவில்லை. சம்பா நட்ட காலத்தில் ஒரு வீட்டின் பின் ஜன்னலைத் திறந்தால் பச்சை அப்படியே உள்ளே வந்து விழும். கூடத்துச் சுவரெல்லாம் லேசாகப் பச்சையாகிவிடும். வாய்க்கால் சத்தம் கேட்கும். யாரும் இல்லாத வீட்டில் மின்விசிறி சுற்றிக்கொண்டிருக்கும். நான் நின்றபடியே அந்த வீட்டுக்கு ஆட்களை வைத்துப் பார்ப்பேன். இங்கே ஒரு பெண் தலை பின்னுகிறாள், அங்கே ஒருவர் பேப்பரை முகத்தில் போட்டுக்கொண்டு கிடக்கிறார், அடுப்படியில் ஏதோ தாளிக்கிறார்கள் என்று. மணி போவதே தெரியாது. என் மனைவி, நீங்கள் வீடு பார்க்கப் போகிறீர்களா, கனவு காணப் போகிறீர்களா என்று கேட்பாள். இரண்டுக்கும்தான் சம்பளம் என்பேன்.

அப்படி ஒரு நாள் மாட்டிக்கொண்டேன். கும்பகோணம் சாலையில் ஒரு வீடு, மஸ்கட்காரருடையது. கூடத்தில் பெரிய தேக்கு ஊஞ்சல். சங்கிலிக்கு எண்ணெய் போட்டுவிட்டுக் கிறீச்சிடுகிறதா என்று பார்க்க உட்கார்ந்தேன். கிறீச்சிடவில்லை. அவ்வளவுதான் ஞாபகம். கண் விழித்தபோது எதிரே விமலா மேடம் நிற்கிறார். திடீர்ச் சோதனைக்கு வந்திருக்கிறார். கண்ணாடியைக் கழற்றினார். மடக்கி வைக்க மேசை இல்லாததால் கையிலேயே வைத்துக்கொண்டார். திட்டவில்லை. எத்தனை மணிக்கு உட்கார்ந்தீர்கள் என்று கேட்டார். சொன்னேன். எழுதுங்கள் என்றார். பணியாளர் ஊஞ்சலில் முக்கால் மணி நேரம் தூங்கினார் என்று என் கையாலேயே எழுத வைத்தார். அது அப்படியே மஸ்கட்டுக்குப் போனது. என் வேலை போயிற்று என்று இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை. அந்த மனிதர், ஊஞ்சல் நன்றாக இருக்கிறது என்று தெரிந்துகொண்டேன், நன்றி என்று பதில் போட்டிருந்தார். நடந்ததை எழுத வேண்டும், நடந்தது மாதிரியே எழுத வேண்டும். மேடத்திடம் நான் கற்ற பாடம் அது ஒன்றுதான், அதையும் சரியாகக் கற்கவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

திருக்காட்டுப்பள்ளிக்கு இந்தப் பக்கம், குடமுருட்டி ஆற்றங்கரையிலிருந்து கூப்பிடு தூரத்தில் அந்த வீடு. ஓடு பிரித்துத் தளம் போட்டது. வீட்டுக்காரர் குமரன், சிங்கப்பூரில் என்ஜினியர். அப்பா இறந்த பிறகு வீடு அவர் பெயருக்கு வந்தது. ஓய்வு பெற்று வந்து அங்கேதான் இருக்கப் போகிறேன் என்பார். எப்போது பேசினாலும் லிஃப்டில் ஏறிக்கொண்டே பேசுவார், பாதியில் வெட்டிப்போகும். கூடத்துப் பீரோவின் மேல் சீல் உடைக்காத கொரியர் பெட்டி ஒன்று இருந்தது. அனுப்பிய இடத்துக்கே திரும்பி வந்த பார்சல், அதை வாங்கி வைத்தவனே நான்தான். மாதா மாதம் அதன்மேல் தூசி தட்டுவேன். உள்ளே என்ன என்று தெரியாது.

மாதத்தின் இரண்டாவது வியாழக்கிழமை அங்கே என் முறை. நாலு வருடத்துக்கு மேல் எல்லாம் ஒழுங்காகத்தான் போனது. ஒரு மார்கழியில் குளியலறையைப் பார்த்தபோது ஓட்டையில் தண்ணீர் வற்றாமல் தளும்பி நின்றது. மேலே எண்ணெயைக் காணோம். ஆற்றில் தண்ணீர் போகிறது, வாய்க்கால் நிறைந்திருக்கிறது, நிலத்தடி நீர் ஏறியிருக்கும், இந்தப் பக்கம் தண்ணீர் வந்துவிட்டால் எல்லாமே ஈரம்தானே என்று நானே ஒரு காரணம் சொல்லிக்கொண்டேன். அடுத்த மாதமும் அப்படியே. தை முடிவதற்குள் மேட்டூர் அணையை மூடிவிட்டார்கள். ஆற்றில் மணல் தெரிந்தது, வாய்க்காலில் ஆடு மேய்ந்தது. மாசியில் போனேன். ஓட்டையில் தண்ணீர் தளும்பிக்கொண்டு நிற்கிறது.

யாரோ அங்கே தண்ணீர் ஊற்றுகிறார்கள். வேறு எதுவும் கலையவில்லை, எதுவும் காணாமல் போகவில்லை. கூடத்துத் தரை மட்டும் நான் துடைத்ததைவிடச் சுத்தமாக இருந்தது. அறிக்கையில் ஆள் நடமாட்ட அறிகுறி, உண்டு அல்லது இல்லை என்று ஒரு கேள்வி இருக்கும். மூன்று மாதமும் இல்லை என்று எழுதினேன். பயம் என்று சொல்ல முடியாது. அந்த வீட்டில் மட்டும் பூட்டிய வீட்டு வாடை இல்லை. உள்ளே போனாலே மனசு லேசாகும். யாரையோ நானே கனவில் கொண்டுவந்து அங்கே வைத்துவிட்ட மாதிரி ஒரு கிறுக்கு எண்ணம். அதைக் கலைக்க எனக்கு விருப்பமில்லை.

பங்குனியில் வியாழக்கிழமை உறவில் ஒரு கல்யாணம். அதனால் செவ்வாயே போனேன். மதியம் இரண்டு மணி இருக்கும். வெயிலில் தெருவே உறங்கிக்கொண்டிருந்தது. மூன்று முறை தட்டினேன். சந்தாக்காரங்க வந்திருக்கோம்ங்க என்றேன். பத்து எண்ண ஆரம்பித்தேன். நாலு எண்ணும்போது உள்ளேயிருந்து ஒரு பெண் குரல், தூக்கக் கலக்கத்தோடு, "யாரு? உள்ள வாங்க" என்றது.

கையில் சாவியோடு அப்படியே நின்றேன். பிறகு திறந்தேன். கூடத்துத் தரையில் விரித்த பாயில் ஒரு அம்மா எழுந்து உட்கார்ந்திருந்தார். ஐம்பத்தைந்து வயது இருக்கும். தலைக்குக் குளித்த ஈரம் இன்னும் காயவில்லை. கன்னத்தில் பாயின் கோடுகள். என்னைப் பார்த்த பிறகுதான் அவருக்குத் தூக்கம் தெளிந்தது. தான் எங்கே இருக்கிறோம், என்ன சொல்லிவிட்டோம் என்பது அந்த முகத்தில் தெரிந்ததைப் பார்க்க எனக்கே கஷ்டமாக இருந்தது. முந்தானையை இழுத்துக்கொண்டு எழுந்து சுவர் ஓரமாகப் போய் நின்றார்.

குமரனின் அக்கா அவர். பெயர் வசந்தா. பிறந்து வளர்ந்தது அந்த வீட்டில். அப்பா போன பிறகு வீட்டில் எனக்குப் பங்கு வேண்டாம் என்று தம்பிக்கு விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்தவர். அதில் வருத்தம் இல்லை என்றார். வருத்தம் பிறகு வந்தது. மகள் கல்யாணத்துக்குத் தாய்மாமன் வரவில்லை. வேலை அவசரம் என்று சீர்ப்புடவையைக் கொரியரில் அனுப்பினார். அனுப்புநர் முகவரி என்று இந்த வீட்டைப் போட்டிருந்தார். இவர் பெட்டியைப் பிரிக்காமலே திருப்பி அனுப்பினார். அன்றிலிருந்து அக்காவும் தம்பியும் பேசவில்லை. நாலு வருடம். கணவர் இறந்தபோதுகூடப் பேசவில்லை. இப்போது தஞ்சாவூரில் மகன் வீட்டில் இருக்கிறார். இரண்டே அறை. பேரப்பிள்ளைகள், டிவி, மருமகளின் தையல் மிஷின். கணவர் கார்த்திகையில் போன பிறகு ராத்திரியில் தூக்கமே இல்லை, மாத்திரை போட்டும் இல்லை என்றார். பழைய பின்கட்டுச் சாவி ஒன்று அவரிடம் இருந்திருக்கிறது. ஒரு செவ்வாய்க்கிழமை கோயிலுக்குப் போவதாகச் சொல்லிவிட்டுப் பஸ் ஏறி வந்திருக்கிறார். குளித்தார், கூடத்தைத் துடைத்தார், படுத்தார், தூங்கிவிட்டார். அன்றிலிருந்து வாரா வாரம் வருகிறார்.

"இந்தத் தரையில தலைய சாச்சா கண்ணு சொருகிடுதுங்க. ரெண்டு மணி நேரம். அத வச்சுத்தான் மிச்ச ஆறு நாள ஓட்டுறேன்" என்றார்.

அறைக்குள் கட்டில் மெத்தை எல்லாம் இருக்கிறதே, ஏன் தரையில் என்று கேட்டேன். அது தம்பி கட்டில், கேட்காமல் எப்படிப் படுப்பது என்றார். வீட்டுக்குள் வந்தது கேட்காமல்தான். ஆனாலும் அவருக்கு அதில் ஒரு கணக்கு இருந்தது. எனக்கு அது புரிந்தது.

எழுதுவீர்களா என்று கேட்டார். எழுத வேண்டும் என்பது விதி என்றேன். சொல்லும்போதே, எழுதாமல் விட்டுவிடலாம் என்றும் நினைத்துக்கொண்டேன். அதை என் முகத்தில் பார்த்திருப்பார் போல. "மறைக்க வேணாங்க. ஆனா திருடி மாதிரி எழுதாதீங்க. அக்கா வந்தா, குளிச்சா, கூடத்துல படுத்துத் தூங்குனான்னு எழுதுங்க. அவன் என்ன சொல்றானோ சொல்லட்டும். பதில் வர்ற வரைக்கும் நான் வர மாட்டேன்" என்றார். பாயைச் சுருட்டிப் பழைய இடத்தில் வைத்தார். பின்கட்டைப் பூட்டிவிட்டு, பஸ் நிறுத்தத்துக்கு வெயிலில் நடந்து போனார். சாவியைக் கொடுங்கள் என்று நான் கேட்டிருக்க வேண்டும், கேட்கவில்லை.

ஆபீசில் மேடத்திடம் எல்லாவற்றையும் சொன்னேன். அறிக்கையில் வேண்டாமே என்று கெஞ்சாத குறை. கண்ணாடியைக் கழற்றி மடக்கி வைத்தார். மூன்று மாதம் என்ன எழுதினீர்கள் என்று கேட்டார். இல்லை என்று எழுதினேன் என்றேன். முதலில் அதைத் திருத்துங்கள் என்றார். "அப்புறம் அவங்க சொன்னபடியே எழுதுங்க. உங்க சொல்லு ஒண்ணுகூடச் சேர்க்காதீங்க" என்றார்.

எழுதினேன். "உரிமையாளரின் அக்கா வசந்தா அவர்கள் கார்த்திகைக்குப் பிறகு செவ்வாய்தோறும் வருகிறார். குளிக்கிறார். கூடத்தைத் துடைக்கிறார். தரையில் இரண்டு மணி நேரம் தூங்குகிறார். வேறு எங்கும் தூக்கம் வருவதில்லை என்கிறார்." மேடம் படித்துவிட்டு அதன் கீழே தன் கையெழுத்தில் ஒரு வரி சேர்த்தார். வெளியாள் ஒருவரிடம் சாவி இருப்பதால் விதிப்படி பூட்டை மாற்றப் பரிந்துரைக்கிறோம். எனக்குக் கோபம் வந்துவிட்டது. வெளியாளா? அந்த வீட்டில் பிறந்தவரா வெளியாள்? நேரிலேயே கேட்டுவிட்டேன். பத்திரத்தில் அப்படித்தான் இருக்கிறது, முடிவு எடுக்க வேண்டியவர் வீட்டுக்காரர் என்றார். புதுப் பூட்டு ஒன்றை ஸ்டோரிலிருந்து எடுத்து என் பையில் போடச் சொன்னார். உத்தரவு வந்தால் அன்றே மாற்ற வேண்டும். எண்ணெய் பாட்டிலுக்குப் பக்கத்தில் அதைச் சுமந்துகொண்டு ஊர் ஊராக அலைந்தேன்.

நாலாம் நாள் குமரன் நேராக என் கைபேசிக்கே கூப்பிட்டார். வழக்கம்போல லிஃப்ட் சத்தம் கேட்டது. பூட்டைப் பற்றிக் கேட்பார் என்று நினைத்தேன்.

"கூடத்துல தரையிலயா படுத்திருந்தாங்க?"

"ஆமாங்க."

"ரூம்ல கட்டில் கெடக்கே."

"அது உங்க கட்டிலாம். கேக்காம படுக்கக் கூடாதுன்னாங்க."

லைன் போய்விட்டது என்று நினைத்து ரெண்டு தரம் ஹலோ என்றேன். போகவில்லை. மூச்சு விடும் சத்தம் கேட்டது. பிறகு அவரே வைத்துவிட்டார்.

சித்திரையில் வியாழக்கிழமை போனேன். தட்டினேன், பத்து எண்ணினேன், திறந்தேன். சாக்கடை வாடை முகத்தில் அடித்தது. போன முறை எண்ணெய் விட மறந்திருந்தேன் போலிருக்கிறது, குளியலறை ஓட்டை வற்றிக் காய்ந்து கிடந்தது. கூடத்தில் ஒரு மாதத் தூசி, அதில் பல்லி நடந்த தடம் மட்டும். சொன்ன சொல்லைக் காப்பாற்றி அந்த அம்மா வரவே இல்லை. நாலு செவ்வாய். அத்தனை நாளும் அவர் தூங்காமல் கிடந்திருப்பார் என்று நினைத்ததும் எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. நான் அன்றைக்கு வராமல் இருந்திருக்கலாம். அந்தக் கல்யாணம் வேறு கிழமையில் நடந்திருக்கலாம். ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றேன். அறுவடை முடிந்த வயல் வெறும் தாளாகக் கிடந்தது. அந்த வீட்டில் ஆட்களை வைத்துப் பார்க்க அன்று எனக்கு வரவில்லை.

அதற்கு அடுத்த வாரம் விமலா மேடம் என்னை அழைத்தார். குமரன் சந்தாவை நிறுத்திவிட்டார் என்றார்.

எங்கள் தொழிலில் சந்தாவை நிறுத்துகிறார்கள் என்றால் பெரும்பாலும் வீட்டை விற்றுவிட்டார்கள் என்று அர்த்தம். பூட்டு மாற்றுவது ஒரு வகை, விற்பது இன்னொரு வகை, இரண்டிலும் அந்த அம்மாவுக்குக் கதவு அடைபட்டதுதான். அறிக்கை எழுதிய கையை என்ன செய்வது என்று தெரியவில்லை. மேடத்தின் மேசைக்கு எதிரே இருந்த நாற்காலியில் கேட்காமலே உட்கார்ந்துவிட்டேன். நல்ல வேலை பார்த்தோம் மேடம் என்றேன், குத்தலாகத்தான்.

அவர் கம்ப்யூட்டர் திரையை என் பக்கம் திருப்பினார். சந்தாவை நிறுத்துகிறவர்கள் நிரப்பித் தரும் படிவம். காரணம் என்ற இடத்தில் கட்டணம் அதிகம், சேவை திருப்தியில்லை, வீடு விற்பனை, வாடகைக்கு விட்டாயிற்று என்று வரிசையாக இருக்கும், ஒன்றைத் தொட்டால் போதும். குமரன் எதையும் தொடவில்லை. கடைசியில் பிற காரணங்கள் என்று காலியாக விட்டிருக்கும் கட்டத்தில் தமிழில் தட்டி வைத்திருந்தார்.

"வீட்டில் அக்கா இருக்கிறாள்."

அதன் கீழே, எங்களிடம் உள்ள சாவிகளையெல்லாம் அக்காவிடம் கொடுத்துவிடவும் என்று எழுதி, அக்காவின் தஞ்சாவூர் விலாசத்தையும் போட்டிருந்தார்.

விட்டுப் போகும் வாடிக்கையாளரை மூன்று தடவை கூப்பிட்டுப் பேசி, சலுகை சொல்லி, திரும்ப இழுக்கப் பார்க்க வேண்டும் என்பது நிறுவனத்தின் விதி. கூப்பிட்ட தேதியையும் நேரத்தையும் எழுதி வைக்க வேண்டும். எனக்குத் தெரிந்து விமலா மேடம் மீறிய விதி அது ஒன்றுதான்.